சின்ன மோட்டார் படகில் கரண்ட் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் நீர்த்தேக்கம், பூலாம்பட்டி, ஏற்காடு, மீன் குத்தகைக்கு விட்ட ஏரிகள் என்று சேலத்தைச் சுற்றிப் படகு வைத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை. படகு ஒயரிங் பார்ப்பதற்கென்று தனி ஆள்தான் கிடையாது. லாரி, டிராக்டர் ஒயரிங் பார்க்கும் எங்களிடமே வந்து நிற்கிறார்கள். அப்படி வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. 12 வோல்ட் பேட்டரி, அவுட்போர்டு (படகின் பின்விளிம்பில் வெளியே மாட்டும் இன்ஜின்) அல்லது சின்ன டீசல் இன்ஜின், ஒரு பம்ப், இரண்டு மூன்று விளக்கு: இந்த அளவுப் படகுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இத்தகைய படகுகளில் பழுது பெரும்பாலும் சாமானில் இருப்பதில்லை, இணைப்பில்தான் இருக்கிறது. அதனால் "புதுசு வாங்கிப் போடுங்கள்" என்ற பதிலை இங்கே அதிகம் பார்க்க மாட்டீர்கள்.

சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. விளக்கும் எரியவில்லை. எங்கிருந்து பார்ப்பது?

பேட்டரியிலிருந்து. சாவியைக் கழற்றிப் பார்ப்பது கடைசி வேலை.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, முனைகளைப் பேட்டரியின் ஈயக் குமிழ்மீதே வையுங்கள், கிளாம்ப்மீது வேண்டாம். சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.6, 12.7 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறைய காலி. பேட்டரி சரியாக இருந்தால், ஒரு முனையை ஈயக் குமிழிலும் மறுமுனையை அதே குமிழைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பிலும் வைத்து, விளக்கு சுவிட்சைப் போட்டுவிட்டுப் பாருங்கள். அங்கே வோல்ட் ஏதாவது தெரிந்தால் கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் நடுவில் அழுக்கு உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கு இறுக்கமாகத் தெரியும், கையால் ஆட்டினாலும் ஆடாது, ஆனால் கரண்ட் போகாது. வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவி, பளபளவென்று சுரண்டி, இறுக்கி, மேலே வேசலின் தடவுங்கள். கழுவும்போது பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

அதற்கப்புறம் மெயின் ஸ்விட்ச், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஃபியூஸ் என்று வரிசையாக வாருங்கள். கரண்ட் எந்த இடம் வரை வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடுவதுதான் வேலை. பாதி வழியில் உள்ள ஓர் இடத்தை முதலில் சோதித்தால் தேடும் தூரம் பாதியாகக் குறையும்.

விளக்கு எரிகிறது, ஆனால் செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா? கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் கரையிலேயே தீர்ந்துபோகும் கேஸ்கள் இதில்தான் அதிகம். கியர் விழுந்திருந்தால் செல்ஃப் சுற்றக் கூடாது என்று ஒரு சிறு சுவிட்ச் வைத்திருப்பார்கள். கியர் கேபிள் நாளாக நாளாக நீண்டு போனால், லீவர் நியூட்ரலில் இருந்தாலும் அந்தச் சுவிட்ச் அமுங்காது. லீவரை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். எடுத்துவிட்டால் ஒயரிங்கில் குறையில்லை, கியர் கேபிளை சரிசெய்ய வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் சிவப்புக் கயிற்றைப் பாருங்கள். படகோட்டி விழுந்தால் இன்ஜின் நிற்க வேண்டும் என்பதற்காக மணிக்கட்டில் மாட்டும் கயிறு அது. அதன் கிளிப் சுவிட்சில் இல்லாவிட்டால் ஸ்பார்க் வராது. பெரும்பாலான சிறிய அவுட்போர்டுகளில் இந்தச் சுவிட்ச், ஸ்பார்க்குக்குப் போகும் கரண்டை எர்த்தில் இறக்கிவிடும். அதனால் அந்த ஒயர் எங்காவது உரசித் தோல் போய் இன்ஜின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், கிளிப் மாட்டியிருந்தாலும் ஸ்பார்க் இருக்காது. அதே ஒயர் அறுந்து போனால் நேர் எதிர்: கயிற்றைப் பிடுங்கினாலும் இன்ஜின் நிற்காது. இது ஆபத்து. ஒவ்வொரு முறை கரை சேரும்போதும் சாவியால் அணைக்காமல் கயிற்றைப் பிடுங்கி அணைத்துப் பழகுங்கள், சுவிட்ச் சோதிக்கப்பட்டதாகவும் ஆகும்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பொறுங்கள். அந்த 'டக்' சொலினாய்டு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்ச்) இழுக்கும் சத்தம். சாவி, நியூட்ரல் சுவிட்ச், சின்ன ஒயர்கள் எல்லாம் சரியாக இருப்பதால்தான் அந்தச் சத்தமே வருகிறது. பெரிய கரண்ட் போகும் பாதையில் எங்கோ அடைப்பு. செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 100 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும். அந்தத் தடையை மீட்டரின் ஓம் அளவில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மீட்டர் ஒயர்களின் தடையே அதைவிட அதிகம்.

கரண்டை ஓடவிட்டு அளப்பதுதான் வழி. ஒருவர் சாவியைத் திருப்பட்டும், நீங்கள் அளங்கள். புரொப்பல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. முதலில் பேட்டரிக் குமிழ்கள் இரண்டிலும் வையுங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். அதை முழுதாக சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள், அப்போதும் விழுந்தால்தான் மாற்ற வேண்டும். 11-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரி நல்லது, கரண்ட் போய்ச் சேரவில்லை.

இப்போது ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் குமிழில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில். சாவியைத் திருப்பினால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இரண்டு, மூன்று என்று காட்டினால் அந்தப் பாதையில்தான் கோளாறு. கிளாம்ப், மெயின் ஸ்விட்ச், சொலினாய்டு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். அதேபோல் நெகட்டிவ் குமிழிலிருந்து இன்ஜின் பிளாக் வரை. இந்த நெகட்டிவ் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. என் கைக்கு வந்த கேஸ்களில் பாதை கெட்டிருப்பது அங்கேதான் அதிகம்: இன்ஜினில் எர்த் கேபிள் முடுக்கிய போல்ட்டின் அடியில் துரு, அல்லது பெயின்ட் அடித்தபோது லக்குக்கு (கேபிள் முனையில் உள்ள உலோக வளையம்) அடியிலும் சேர்த்து அடித்த பெயின்ட்.

மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது. பம்ப் ஓடவில்லை. அப்போது பம்ப்தானே போயிருக்கிறது?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மல்டிமீட்டர் கரண்டை இழுக்காது. இருபது முப்பது இழை இருந்த ஒயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் 12 வோல்ட் என்று அழகாகக் காட்டும். பம்ப்பை மாட்டியதும் அந்த ஓர் இழையால் தாங்க முடியாமல் வோல்ட் படுத்துவிடும். பம்ப்பைக் கழற்றாமல், சுவிட்ச் போட்ட நிலையில், பம்ப்பின் இரண்டு ஒயரிலும் வைத்து அளங்கள். 12-ம் காட்டி பம்ப்பும் ஓடாவிட்டால் பம்ப் கெட்டது என்று சொல்லலாம்.

இன்னும் சுலபமான வழி டெஸ்ட் லேம்ப். லாரி இண்டிகேட்டர் பல்ப், 21 வாட், ஹோல்டரோடு இரண்டு ஒயர். பளிச்சென்று எரிந்தால் பாதை நல்லது. மங்கலாக எரிந்தால் வழியில் தடை. எனக்கு மீட்டரைவிட இதன்மேல்தான் நம்பிக்கை. 12 வோல்ட் பல்ப்பா என்று பார்த்து வாங்குங்கள், லாரிக் கடைகளில் கேட்காமலே 24 வோல்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் லாரி எலக்ட்ரீஷியன்தான் ஒயரிங் செய்தார். ஹாரன் அடித்தால் விளக்கு மங்குகிறது, விளக்கைப் போட்டால் டீசல் மீட்டர் முள் ஆடுகிறது. ஏன்?

லாரியில் சேசிஸ்தான் எர்த். பாசிட்டிவ் ஒயரை மட்டும் விளக்குக்கு இழுத்துவிட்டு, மறுமுனையைப் பக்கத்தில் உள்ள இரும்பில் முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தோடு ஃபைபர் படகுக்கு வந்தால் முடுக்க இரும்பு இல்லை. அதனால் ஒரு விளக்கின் எர்த்தை அடுத்த விளக்கிலும், அதை ஹாரனிலும், அதை மீட்டரிலும் என்று கோர்த்துக்கொண்டே போவார்கள். கடைசியில் எல்லாக் கரண்டும் ஒரே மெல்லிய ஒயர் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஒன்றைப் போட்டால் மற்றது ஆடுவது அதனால்தான்.

படகில் எத்தனை பாசிட்டிவ் ஒயர் போகிறதோ அத்தனை நெகட்டிவ் ஒயர் திரும்பி வர வேண்டும். எல்லா நெகட்டிவும் ஒரு பித்தளைப் பட்டையில் வந்து சேரட்டும், அந்தப் பட்டையிலிருந்து ஒரு தடித்த கேபிள் பேட்டரிக்கு. இதைச் செய்தால் உங்கள் படகின் பேய் பிடித்த அறிகுறிகளில் முக்கால்வாசி ஒரே நாளில் போகும்.

அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள், "எங்களுக்குத்தான் உலோக உடம்பு இருக்கிறதே, அதையே எர்த்தாக வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். கூடாது. உடம்பு வழியே கரண்ட் ஓடி, அடியில் தண்ணீரும் இருந்தால் கரண்ட் வெளியேறும் இடத்தில் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். ஒயரிங் செலவை மிச்சம் பிடித்துப் படகில் ஓட்டை வாங்கின கதையாகும்.

230 வோல்ட்டைத் தாங்கும் வீட்டு ஒயர் 12 வோல்ட்டைத் தாங்காதா?

தாங்கும். ஆனால் கேள்வி வோல்ட்டைப் பற்றியதல்ல. வோல்ட்டைத் தாங்குவது மேல் தோல், ஆம்பியரைத் தாங்குவது உள்ளே இருக்கும் செம்பு. வீட்டில் 60 வாட் பல்ப் கால் ஆம்பியர்தான் எடுக்கும். அதே 60 வாட் வேலையை 12 வோல்ட்டில் செய்ய 5 ஆம்பியர் வேண்டும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். பேட்டரி பின்னால், 5 ஆம்பியர் எடுக்கும் சாமான் 5 மீட்டர் தள்ளி முன்னால். போக வர 10 மீட்டர் ஒயர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்கு ஏறக்குறைய 0.018 ஓம். பத்து மீட்டருக்கு 0.18 ஓம். 5 ஆம்பியரால் பெருக்கினால் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது, அதாவது 12-ல் ஏழரை சதவீதம். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.36 வோல்ட், 3 சதவீதம். பம்ப், படகு விளக்கு மாதிரி உயிர் சம்பந்தப்பட்டவற்றுக்கு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது படகுக்காரர்களின் பொதுக் கணக்கு. ஆடம்பரச் சாமானுக்கு 10 வரை விடலாம். வீட்டில் 230-ல் 0.9 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. படகில் பம்ப் முனகும்.

அடுத்தது இழை. 1/18, 3/20 மாதிரி பழைய கெட்டிக் கம்பிகளை வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று படகில் இழுக்கவே கூடாது, இன்ஜின் அதிர்வில் முறிந்துவிடும். நிறைய மெல்லிய இழை உள்ள ஒயர் வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு இழை என்றால் இன்னும் நல்லது. உப்புத் தண்ணீரில் அது கட்டாயம், நம் பக்கத்து நல்ல தண்ணீரில் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏற்காட்டுப் பனியில் வருடம் முழுக்க நனையும் படகுக்கு அந்தச் செலவு வீணில்லை. சேலத்தில் கேட்டால் முழிப்பார்கள். சென்னை, கொச்சி மாதிரி கடலோர ஊர்களில் கிடைக்கும், வருகிறவர்களிடம் சொல்லி வாங்கலாம்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? ஈயம் வைக்கலாமா?

முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்டை ஒரு மழைக்காலம் கழித்து நீங்களே பிரித்துப் பாருங்கள். டேப் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர், செம்பின்மேல் பச்சைக் களிம்பு. தோலை இன்னும் ஓர் அங்குலம் சீவினால் உள்ளே செம்பு சிவப்பாக இருக்காது, கரியாக இருக்கும். தண்ணீர் இழைகளின் இடுக்கு வழியாகவே உள்ளே ஏறிவிடுகிறது. டேப் தண்ணீரை வெளியே நிறுத்துவதில்லை, உள்ளே போனதை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது. கரியான இடம் வரை வெட்டிவிட்டு, சிவப்புச் செம்பு வரும் இடத்தில் புது ஜாயிண்ட் போட வேண்டும். கறுத்த செம்பில் எது செய்தாலும் நிற்காது.

ஈயம் வைத்தால் கரண்ட் நன்றாகப் போகும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரைக் குச்சி மாதிரி ஆக்கிவிடும். ஈயம் முடிந்து மெல்லிய இழை ஆரம்பிக்கும் இடத்தில் அதிர்வு வேலை செய்து முறிக்கும். நல்ல கிரிம்ப் பிளையர் வைத்து லக்கை நசுக்கி, மேலே உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டுங்கள். பசை உருகி இரண்டு ஓரத்திலும் லேசாக வழிந்தால் தண்ணீர் போகாது. சாதாரண ஸ்லீவில் பசை கிடையாது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். நசுக்கிய பிறகு இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. பெரிய ஃபியூஸ் போட்டேன், போகவில்லை. சரியாகிவிட்டதா?

இல்லை, இப்போது ஒயர் ஃபியூஸாக மாறியிருக்கிறது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. 1 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸுக்கு மேல் போகாதீர்கள். 2.5-க்கு 15 நீலமோ, 20 மஞ்சளோ. 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸை அங்கே சொருகினால் ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் நிற்கும், ஒயர் எரியும், பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கும்.

போட்ட உடனே 'பட்'டென்று போனால் எங்கோ நேரடி ஷார்ட். ஃபியூஸ் இருந்த இடத்தில் உங்கள் 21 வாட் டெஸ்ட் லேம்ப்பை மாட்டுங்கள், அந்த லைனில் உள்ள சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்ப் பளிச்சென்று எரியும். ஒயரை இடம் இடமாக ஆட்டிக்கொண்டே வாருங்கள், எந்த இடத்தில் பல்ப் அணைகிறதோ அங்கே தோலுரிந்திருக்கிறது. பலகையில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்த இடம், இருக்கையின் அடியில் ஆணி அடித்த இடம் இரண்டையும் முதலில் பாருங்கள். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு போகிறது என்றால் ஷார்ட் இல்லை, சாமான் அதிகம் இழுக்கிறது. பம்ப்பாக இருந்தால் இம்பெல்லரில் (உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பிளாஸ்டிக் கவர் துண்டோ தூண்டில் நரம்போ சுற்றியிருக்கும்.

முதல் ஃபியூஸ் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். அதைத் தாண்டி வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை.

அடித்தண்ணீர் பம்ப் தானாக ஓடுவதில்லை. கையால் சுவிட்ச் போட்டால் ஓடுகிறது.

அப்படியானால் பம்ப் நல்லது, மிதவைச் சுவிட்சோ அதன் ஒயரோதான் கோளாறு. மிதவையை விரலால் தூக்கிப் பாருங்கள். ஓடினால், அடியில் சேர்ந்த சேற்றில் மிதவை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஓடவில்லை என்றால் சுவிட்சோ ஒயர் ஜாயிண்ட்டோ. ஜாயிண்ட் பெரும்பாலும் படகின் அடியில், தண்ணீர் எப்போதும் நிற்கும் இடத்திலேயே கிடக்கும். புதிதாகப் போடும்போது இருக்கை உயரத்துக்கு மேலே கொண்டுவந்து ஜாயிண்ட் போடுங்கள்.

மிதவை லைன் மெயின் ஸ்விட்சைத் தாண்டி, தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போன ராத்திரியில்தான் மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலை மேல் கட்டிவைத்த படகு காலையில் பாதி முழுகிக் கிடப்பது இதனால்தான்.

பம்ப் சத்தம் நன்றாக வருகிறது, தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். இம்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பத்து நாள் கழித்து வந்தால் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது.

எங்கேயோ கசிகிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். அப்படி வைத்துவிட்டு மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் போய்விடும். ரேடியோ நினைவு, அலாரம் மாதிரி சமாச்சாரங்களுக்கு 20, 30 மில்லி ஆம்பியர் போகலாம். 100 மில்லி ஆம்பியர் காட்டினால், ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் மணி, பத்து நாளில் 24. 35 ஆம்பியர் மணிப் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு போச்சு. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைன்தான்.

ஒன்றுமே கசியவில்லை என்றால் பேட்டரியின் வயதைப் பாருங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரை அடியில் கிடக்கும் பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, அப்புறம் சார்ஜ் ஏறவே ஏறாது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. ஓடும்போது கேபிளைக் கழற்றிப் பார்த்தால் தெரியும் என்கிறார்களே?

பழைய டைனமோ காலத்து வித்தை அது. அவுட்போர்டில் செய்தால் பேட்டரி என்ற தாங்கல் போனதும் வோல்ட் எகிறி ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் (ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் சாமான்) கருகிவிடும். பாசிட்டிவ், நெகட்டிவை ஒரு கணம் மாற்றி வைத்தாலும் அதே கதி.

மீட்டரைப் பேட்டரியில் வைத்து இன்ஜினைக் கொஞ்சம் வேகத்தில் ஓட்டுங்கள். 13.8-லிருந்து 14.4 வரை வந்தால் சார்ஜ் ஆகிறது. 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஃபியூஸையும் ரெகுலேட்டரின் எர்த்தையும் பார்த்துவிட்டு அப்புறம் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரித் தண்ணீர் கொதித்துத் தீரும்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் சின்ன இன்ஜின்களில் விளக்குக்கு என்று இரண்டு ஒயர் வெளியே வரும். அதில் வருவது ஏசி. ரெக்டிஃபையர் இல்லாமல் பேட்டரியில் மாட்டினால் சார்ஜ் ஏறாது, பேட்டரிதான் கெடும்.

மேட்டூரில் நன்றாக ஓடிய இன்ஜின் ஏற்காட்டில் திணறுகிறது. இக்னிஷன் காயில் போய்விட்டதா?

காயிலை மாற்றுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பாக, ஈரமாக, எண்ணெய் பூசினது போல இருந்தால் கரண்ட் பழுதே இல்லை. ஏற்காடு ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 1300 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. மேட்டூரைவிட 1000 மீட்டருக்கும் மேல். அங்கே காற்று மெலிந்திருக்கிறது. கார்புரேட்டர் கீழே இருந்த கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும், எரிக்கக் காற்று போதாது. பிளக் கறுக்கும், ஸ்பார்க் பலவீனமாகும், பார்ப்பவர்கள் காயில் என்பார்கள். பலமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், அதை எந்த ஒயரிங்காலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. கம்பெனி சொல்லும் சிறிய ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை உள்ள திருகு) போட்டு, பிட்ச் குறைந்த (ஒரு சுற்றில் படகைக் குறைந்த தூரம் தள்ளும்) புரொப்பல்லர் மாட்டினால் ஓடும். படகைக் கீழே இறக்கும்போது பழைய ஜெட்டை மறக்காமல் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடாகும்.

இதே கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவில் மினி லாரியில் குலுங்கி வந்த படகில் பேட்டரி நகர்ந்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், சில சமயம் ஆசிட் சிந்தியிருக்கும். மேலே போனதும் முதல் வேலையாகக் கிளாம்ப்களையும் இன்ஜின் எர்த்தையும் முடுக்குங்கள். ஏற்றும்போது பேட்டரியைக் கழற்றி ஓட்டுநர் காலடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு போவது அதைவிட நல்லது.

கரையிலிருந்து ஒயர் இழுத்துப் படகிலேயே சார்ஜர் போடலாமா?

வேண்டாம். பேட்டரியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சார்ஜ் போடுங்கள். கனமாக இருக்கிறது, தெரியும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கடலைவிட ஏரியிலும் ஆற்றிலும்தான் இந்த ஆபத்து அதிகம். உப்புத் தண்ணீரில் கரண்ட் மனித உடம்பைவிடத் தண்ணீர் வழியாகச் சுலபமாகப் போகும். நல்ல தண்ணீரில் அப்படியில்லை, உடம்புதான் சுலபமான வழி. 230 வோல்ட் லைன் கொஞ்சம் கசிந்தாலும், பக்கத்தில் நீந்துகிறவர் உடம்பில் 10, 15 மில்லி ஆம்பியர் ஓடினாலே தசை இறுகிக் கைகால் அசையாது. ஷாக் அடித்த அடையாளமே இருக்காது, நீச்சல் தெரிந்தவர் முழுகிப் போனார் என்பார்கள். கரையில் சார்ஜ் போடும் பிளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். யாராவது தண்ணீரில் கரண்ட் அடிப்பதாகக் கத்தினால் குதிக்காதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள்.

சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றோட்டம் உள்ள இடம் வேண்டும், பீடி கூடாது.

பெட்ரோல் வாசனை வருகிறது. ஒயரிங் வேலையைத் தொடரலாமா?

கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கி நிற்கும். டேங்க்கை வெளியே எடுத்து, மூடியெல்லாம் திறந்து, வாசனை முழுதாகப் போன பிறகு கை வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்பேனர் தவறி இன்ஜினைத் தொட்டாலும் பொறி வராது.

பெட்ரோல் மீட்டர் எப்போதும் காலி என்றே காட்டுகிறது.

டேங்க்கில் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்கு அனுப்பும் சென்டரின் (sender) ஒயரைக் கழற்றி ஒரு நொடி நெகட்டிவில் தொடுங்கள். முள் 'ஃபுல்'லுக்குப் போனால் மீட்டரும் ஒயரும் நல்லது, சென்டரோ அதன் எர்த்தோ கெட்டது. அசையாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது மீட்டர். இது அமெரிக்க வகை மீட்டருக்கு. ஐரோப்பிய வகையில் தலைகீழ்: ஒயரைக் கழற்றினால் ஃபுல், எர்த்தில் தொட்டால் காலி.

இன்ஜின் அடியில் ஓர் உலோகக் கட்டி கரைந்துகொண்டே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பாதிக்கு மேல் கரைந்ததும் மாற்றுங்கள். இன்ஜின் அரிக்காமல் தன்னைக் கொடுப்பதற்காக வைத்த அனோடு அது. கடலுக்குத் துத்தநாகம், நம் ஏரி ஆறுகளுக்கு மெக்னீசியம். கடலோரத்திலிருந்து பழைய இன்ஜின் வாங்கி வந்தால் துத்தநாகம்தான் இருக்கும், நல்ல தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது. அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. சேலத்து வெள்ளைக்கல்லிலும் மெக்னீசியம்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் அது உலைச் செங்கல்லுக்குப் போகிறது, கல்லை இன்ஜினில் கட்ட முடியாது.

புது அனோடு வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்தால் ஒயரிங்கில் எங்கோ கரண்ட் கசிந்து தண்ணீரில் இறங்குகிறது. மேலே சொன்ன கசிவுச் சோதனையைச் செய்யுங்கள்.

படகில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

டெஸ்ட் லேம்ப், மலிவு மல்டிமீட்டர், கிளாம்ப்புக்கும் எர்த் போல்ட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர், உப்புத்தாள், ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு ஃபியூஸ், கொஞ்சம் ஒயர், சிவப்புக் கயிற்றுக்கு உபரிக் கிளிப். எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். துடுப்பு தனி.

மொபைல் சார்ஜர், ஸ்பீக்கர் எல்லாம் மாட்டலாமா? மே மாதம் கூட்டம் வரும்போது கேட்கிறார்கள்.

மொபைல் சார்ஜர் பிரச்சினை இல்லை, பாசிட்டிவைத் தனி ஃபியூஸ் போட்டு எடுங்கள், நெகட்டிவைப் பித்தளைப் பட்டையில் கொடுங்கள். பேட்டரிக் கிளாம்ப்பில் கொக்கி போட்டு மாட்டாதீர்கள். அப்படி ஒன்றொன்றாக மாட்டியதில் பேட்டரித் தலையில் கொத்தாக ஒயர் தொங்கும் படகுகளைப் பார்த்திருக்கிறேன், அதில் எது எதற்கு என்று உரிமையாளருக்கே தெரியாது.

ஸ்பீக்கர் வேறு கதை. 60 வாட் என்றால் 5 ஆம்பியர், நான்கு மணி நேரம் பாடினால் 20 ஆம்பியர் மணி. சின்னப் பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும், இன்ஜினை அணைத்து மிதந்துகொண்டிருந்தால் மறுபடி செல்ஃப் எடுக்காது. அதற்கு இரண்டாவது பேட்டரி ஒன்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் 1, 2, இரண்டும், அணை என்று நான்கு நிலை உள்ள செலக்டர் சுவிட்ச் கிடைக்கும். ஸ்டார்ட் பண்ண 1, நின்று பாட்டுக் கேட்க 2. இன்ஜின் ஓடும்போது 'அணை' நிலைக்குத் திருப்பாதீர்கள், ரெகுலேட்டர் போகும்.